கத்தார் நேரத்தில் ஓடிய கணினி

பேட்டரியின் ஆயுள் என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்றிருந்தேன். இப்போதைக்கு ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

என் கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். நானும் என் உம்மாவும் காரைக்காலில் இருக்கிறோம். எங்கள் வீட்டு மடிக்கணினி அவருடைய ஆபீசில் கழித்துவிட்ட ஒன்று. போன விடுமுறைக்கு முந்தைய விடுமுறையில், தைல பாட்டில்களுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பழைய மாடல், இதற்கு அசல் பேட்டரி இனிமேல் கிடைக்காது என்று அவருடைய அறை நண்பர் ஒருவர் சொல்லிவைத்திருந்தார். அவ்வளவுதான். பேட்டரியைப் பார்த்துக்கொள்ள மென்பொருளாக ஏற்ற ஆரம்பித்தார். ஒன்று எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறவிடாது. இன்னொன்று இதுவரை எத்தனை முறை சார்ஜ் போட்டோம் என்று கணக்கு வைக்கும். மூன்றாவது, இருபதுக்குக் கீழே போனால் கத்தும். கைக்குழந்தைக்குக்கூட இத்தனை ஆயா வைக்கமாட்டார்கள்.

இவற்றையெல்லாம் அங்கிருந்தே இயக்குவதற்கும் ஒரு செயலி போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. படுக்கையில் இருந்தபடியே போனில் வீட்டைச் சுற்றி வருவார். வாசல் கேமராவைப் பார்ப்பார், சிலிண்டர் பதிவு செய்வார், மோட்டார் ஏன் இன்னும் ஓடுகிறது என்று கேட்பார். எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான் நடக்கிறது. ஆள் அங்கே, அதிகாரம் இங்கே. கணினியின் கடிகாரம்கூடக் கத்தார் நேரத்தைத்தான் காட்டும். மாற்றவிடமாட்டார். நான்தான் இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எனக்கு ஒரு தேர்வு இருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்த குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை, சென்னைக் கம்பெனி, வீட்டிலிருந்தே செய்யலாம். கல்யாணத்துக்குப் பிறகு நான் விண்ணப்பித்த முதல் வேலை. மூன்று மாதம் பழகியிருந்தேன். கணினியில்தான் எழுத வேண்டும், இடையில் நின்றால் மறுவாய்ப்பு கிடையாது என்று மின்னஞ்சலில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். அவருக்கும் தெரியும். "இன்ஷா அல்லாஹ், நல்லா எழுதுவ" என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்.

காலையில் கணினியைத் திறந்து, சார்ஜரை மாட்டி, மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். சமையலை முடித்து, கதவைச் சாத்தி, பத்தே முக்காலுக்கு வந்து உட்கார்ந்தால் பேட்டரி பதினொன்று காட்டுகிறது. சார்ஜர் விளக்கு எரிகிறது, எண் மட்டும் இறங்குகிறது. கத்த வேண்டிய மென்பொருளும் கத்தவில்லை. பிளக்கைப் பிடுங்கி வேறு சுவிட்சில் மாட்டினேன். ஒன்பது ஆனது. கரன்ட் இருக்கும்வரை ஓடிவிடும் என்று நம்பி ஆரம்பித்தேன். முதல் குறிப்பை முடித்து இரண்டாவதில் பாதியில் இருந்தபோது கரன்ட் போனது. பட்டப்பகலில் கரன்ட் போவது எங்கள் ஊரில் அதிசயம் இல்லை. பேட்டரி என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான். அதில் அப்போது மிச்சம் ஒன்றும் இல்லை. திரை கறுத்துப்போனது.

அவரை அழைத்தேன்.

"மச்சான், கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிடுச்சு. டெஸ்ட் பாதியிலேயே போயிடுச்சு."

"அது எப்புடி? ஏழு மணிக்கே காலிபிரேஷன் போட்டேனே. பதினொண்ணுக்குள்ள ஃபுல்லா ஏறியிருக்கணுமே."

பேட்டரி தப்பான எண்ணைக் காட்டினால் அதைத் திருத்துவதற்கு ஒரு வழியாம் அது. சார்ஜர் மாட்டியிருந்தாலும் முழுவதையும் வடித்துவிட்டு, பிறகு மறுபடியும் ஏற்றுமாம். சத்தம் தொல்லையாக இருக்கக்கூடாது என்று கத்துவதையும் அவரே நிறுத்தியிருக்கிறார்.

"எந்த ஏழு மணி?" என்று கேட்டேன்.

கேட்டுக் கேட்டுத்தான் வெளியே வந்தது. தூக்கக் கலக்கத்தில், போன் வழியாக எங்கள் கணினியின் கடிகாரத்தில் ஏழு என்று பார்த்ததும் எங்கள் வீட்டிலும் ஏழு என்று நினைத்திருக்கிறார். இங்கே அப்போது ஒன்பதரை.

"ஒனக்காவத்தானே புள்ள பண்ணேன். டெஸ்ட் நேரத்துல பேட்டரி நிக்கட்டுமேன்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? சரி, கரன்ட் வந்ததும் சார்ஜ்ல போட்டுடு. நடுவுல விட்டா பேட்டரிக்கு ஆகாது."

போனைச் சுவரில் அடிக்காமல் வைத்தது எனக்கே ஆச்சரியம். மூன்று மாதம் ராவும் பகலும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழகியவள் நான். எனக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவருக்கு ஒரு யோசனையும் இல்லை. உம்மா வேறு, "நல்லதுக்குத்தானே பண்ணாரு, விடும்மா" என்றார். நல்லதுக்கு என்று சொல்லிவிட்டால் எதையும் செய்யலாம் போலிருக்கிறது. அன்று உம்மாவிடமும் கத்திவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

கம்பெனிக்குப் போனிலிருந்தே எழுதிக் கெஞ்சினேன். திங்கட்கிழமை இரண்டு வரியில் பதில் வந்தது. அன்றே உட்கார்ந்து அவர் ஏற்றிய மென்பொருள் ஒவ்வொன்றாக நீக்கினேன். கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றினேன், பாஸ்வேர்டையும் மாற்றினேன். தினமும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். சாப்பாடு, சிலிண்டர், உம்மாவின் மாத்திரை என்று பேச்சு போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை அழைத்தார். "கம்ப்யூட்டருக்குள்ள போவ முடியலயே. பேட்டரி இப்ப எவ்ளோ காட்டுது?"

"ஒரு வாரமா டெஸ்ட் என்னாச்சுன்னு நீங்க கேக்கல மச்சான்" என்றேன்.

"என்னாச்சு?" என்றார்.

வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.