பொத்தான்காரி வாசித்த கதை

சட்டை தைக்கும் அந்தக் கூடத்தில் பொத்தான்காரி என்றொருத்தி இருப்பதே பலருக்கு மதியம் ஒரு மணிக்குத்தான் நினைவு வரும். அதுவரை ஜன்னலோர முக்காலியில் குனிந்தபடி, சட்டைக்கு ஏழு என்று பொத்தான் வைத்துக்கொண்டிருப்பாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். யாராவது இரண்டு வார்த்தை பேசினாலே முகம் வியர்த்துவிடும். ஆனால் ஒரு மணிக்கு மெஷின்கள் நின்று டப்பாக்கள் திறந்ததும், வாடகை நூலகத்துப் புத்தகத்தைப் பிரித்து இருபது பெண்களுக்கு நாவல் வாசிப்பாள். அவர்கள் சாப்பிட, இவள் வாசிக்க, அரைமணி போவதே தெரியாது. அவளுடைய சாப்பாடு அதற்கு முன்பே பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவில் முடிந்திருக்கும்.

அவளிடம் ஒரே ஒரு குறை. தடுமாறக் கூடாதே என்று முழுப் புத்தகத்தையும் வீட்டில் படித்துவிட்டு வருவாள். பின்னால் வெடிக்கப்போகிற வரி வந்ததும் அவளை அறியாமல் குரல் இறங்கிவிடும். "மேசைமேல் ஒரு மருந்துக் குப்பி இருந்தது" என்று அவள் மெல்ல இழுத்ததுதான் தாமதம். காலர் தைக்கிற அக்கா வாயிலிருந்ததை விழுங்காமலே, "விஷம்! அதுலதான் பெரியவரு சாகப்போறாரு, எழுதி வெச்சுக்கோங்கடி!" என்றாள். பெரியவரும் சொன்ன சொல் தட்டாமல், இருநூறு பக்கம் கழித்து அப்படியே செத்தார். அதற்குள் பாதிப் பேர் கேட்பதை விட்டு ஊர்க்கதைக்குப் போயிருந்தார்கள்.

இப்படி மூன்று நாவல் பாழாயிற்று.

"அடுத்த புத்தகத்துலயும் பாதியிலேயே குட்டு உடைஞ்சா, ஒரு மணிக்கு என் ரேடியோவப் போட்டுடறேன்" என்றார் துணி வெட்டுகிற மாஸ்டர்.

"போடுங்க மாஸ்டர். பாட்டாவது கேக்கலாம்" என்றாள் காலர் அக்கா.

பொத்தான்காரி புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். வீட்டில் பேசுவதற்குப் புருஷன் இருந்தான். அவன் பேச ஆரம்பித்தால் சுவரும் ஓய்ந்துவிடும். அவள் குரலுக்கென்று நாளில் இருந்தது அந்த அரைமணி மட்டும்தான்.

அடுத்த நாவல் ஓர் ஓடக்காரக் குடும்பத்தின் கதை. பன்னிரண்டு வருஷம் காணாமல் போன மூத்த மகன் திரும்பி வருகிறான். தாய் அள்ளி அணைத்துக்கொள்கிறாள். வந்தவன் வேறு யாரோ என்பது கடைசியில்தான் தெரியும். ஆனால் மூன்றாம் அத்தியாயத்திலேயே ஒரு வரி: 'படகின் முடிச்சைப் பார்த்துவிட்டு, நீயே அவிழ்த்துவிடேன் என்றான் தம்பியிடம்.'

காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாரிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். கத்தி நின்றது.

"இவன் அந்த வீட்டுப் புள்ளையே இல்ல."

"எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க?"

"நீதாம்மா அந்த இடத்துல பாம்பத் தாண்டற மாதிரி மூச்சப் பிடிச்சியே!"

மறுநாள் அந்த வரியை விறுவிறுவென்று கடந்தாள். "திருடன் ஓடற மாதிரி ஓடற. அதுவும் தெரியுது" என்றார் மாமியார்.

நாலாம் நாள், ஏழு பொத்தானில் அதுவும் ஒன்று என்பதுபோல் வாசித்தாள். கத்தி நிற்கவில்லை. அந்த நிம்மதியில் அடுத்த வரியில் பெருமூச்சு வந்துவிட்டது: 'தபால்காரர் வாசலைத் தாண்டியவர் திரும்பிப் பார்த்தார்.'

கத்தி டக்கென்று நின்றது. "யாருடா அந்தத் தபால்காரன்? என்னத்துக்குத் திரும்பறான்?"

பாவம், அவர் குடையை மறந்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த பக்கத்தில் வந்து எடுத்துக்கொண்டும் போய்விடுவார். பொத்தான்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கூடத்தில் பெருமூச்சையும் சேர்த்தே வாசித்தாள். இரண்டு வாரம் தபால்காரருக்குச் சனி பிடித்தது. குடையை எடுக்கிற சாக்கில் வேவு பார்த்தான் என்றாள் ஒருத்தி. அவன்தான் உண்மையான மூத்தவன் என்று காலர் அக்கா அடித்துச் சொன்னாள். மாஸ்டர் வெட்டுமேசைப் பக்கம் திரும்பி நின்றாலும், கத்தரி ஒரு மணிக்கு மேல் அசைந்ததே இல்லை.

கடைசி நாள். ஆற்றில் வெள்ளம். தாயும் மூத்தவனும் படகில். கயிறு வேரில் சிக்கி இறுகுகிறது. அவன் முடிச்சைப் பிடித்துத் தடவித் தடவிப் பார்க்கிறான். விரலுக்கு வழி தெரியவில்லை. தாய் அந்தக் கைகளையே பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: 'நீ யாரப்பா?'

கூடத்தில் ஒரு டப்பாவும் சத்தம் போடவில்லை.

"அப்போ அந்தத் தபால்காரன்?" என்றாள் காலர் அக்கா, ஏமாந்த குரலில்.

"அவரு குடைய மறந்துட்டாருக்கா. அவ்வளவுதான்."

சிரிப்பு கூரையில் மோதியது. "நானும் அவனத்தானே நெனச்சேன்!" என்று மாஸ்டர் மேசையைத் தட்டினார்.

"முடிச்சுத் தெரியாதவன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும். அதெப்படி திடீர்னு?" என்று எகிறினாள் காலர் அக்கா.

"மூணாம் அத்தியாயத்துலயே வந்துச்சுக்கா."

"பொய்! நீ வாசிக்கல."

"வாசிச்சேன்."

"திருப்புடி. இப்பவே வாசி."

அதற்குள் மணி அடித்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாய் உறும ஆரம்பித்தன. "கேக்கல, சத்தமா!" என்று கையைக் காதில் வைத்தாள் காலர் அக்கா. பொத்தான்காரி முக்காலியிலிருந்து எழுந்து நின்றாள். இருபது மெஷின் சத்தத்துக்கு மேலே, தனக்கே புதிதான ஒரு குரலில், 'நீயே அவிழ்த்துவிடேன்' என்று வாசித்தாள்.

"அடிப்பாவி!" என்றாள் காலர் அக்கா. "இன்னொரு தரம் வாசி."