கமலக்கண்ணன் ஒதுங்காத பதினோரு நாள்

ஆரணியில் வழிவிடுவதற்கு ஒரு போட்டி வைத்தால் கமலக்கண்ணன்தான் ஜெயிக்க வேண்டியவன். ஆனால் ஜெயிக்க மாட்டான். கோட்டுக்குக் கிட்டே வந்ததும் பின்னால் வருகிறவனைப் பார்த்து, "நீங்க போங்க, நான் அப்பறமா வரேன்" என்று நின்றுவிடுவான்.

வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் கிளம்புவான். கண்ணமங்கலம் வருவதற்குள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருப்பான். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவன், யாரோ ஒரு சித்தப்பா நிற்கிறாரே என்று எழுந்து, மூன்றாம் பந்தியில் பாயசம் தீர்ந்த பிறகு சாப்பிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சலூனுக்குப் போனவன், மத்தியானம் இரண்டு மணிக்கு அதே முடியோடு திரும்பி வந்தான். "கூட்டமா இருந்துச்சிம்மா" என்றான். கூட்டம் முழுக்க அவனுக்குப் பிறகு வந்த கூட்டம்.

இந்த ஆள்தான் கப்பலில் ஆபீசர் ஆகிறேன் என்று கிளம்பினான். ஆரணியில் இருக்கிற பெரிய தண்ணி கமண்டல நாகநதி. அதில் கப்பல் விட்டால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலில்தான் ஓட்ட வேண்டும். ஆனாலும் போனான். பதினெட்டு மாதம் சரக்குக் கப்பலில் பயிற்சிப் பையனாக இருந்து துரு சுரண்டினான், பெயின்ட் அடித்தான், ராத்திரி பகல் பார்க்காமல் கடலைப் பார்த்தான். திரும்பி வந்து செகண்ட் மேட் பரீட்சைக்கு உட்கார்ந்தான். அந்த சர்டிபிகேட் கையில் இருந்தால்தான் ஒரு கப்பலைத் தனியாக நின்று ஓட்ட விடுவார்கள்.

எழுத்துப் பரீட்சை எல்லாம் ஒரே தடவையில் பாஸ். வாயால் பதில் சொல்லும் ஓரல்ஸில்தான் இரண்டு தடவை ஃபெயில். இரண்டு தடவையும் ஒரே கேள்வியில்.

அந்தக் கேள்வி என்னவென்றால், கடலிலும் ரோடு ரூல் உண்டு. இரண்டு கப்பல் குறுக்கே குறுக்கே வந்தால், யாருக்கு வலப்பக்கத்தில் அடுத்த கப்பல் தெரிகிறதோ அவர்தான் ஒதுங்க வேண்டும். இன்னொருத்தர் ஒதுங்கவே கூடாது. அதே திசை, அதே வேகம், நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இவரும் மரியாதைக்கு ஒதுங்கினால் இரண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்கி டமார். அப்படியும் எதிராளி கண்ணை மூடிக்கொண்டு மேலே வந்தால், ஐந்து தடவை சின்னச் சின்னதாக ஹார்ன் அடித்துவிட்டு வலப்பக்கம் திருப்பலாம். இடப்பக்கம் மட்டும் திருப்பக் கூடாது. வருகிறவன் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறான்?

கமலக்கண்ணனுக்கு இது மனப்பாடம். தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் விதி எண்ணோடு சொல்லுவான். ஆனால் சென்னையில் தேர்வாளர் மேஜை மேல் இரண்டு மரக் கப்பலை வைத்து, "இது நீ. அது உன் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. என்ன செய்வாய்?" என்று கேட்டு, கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதோடு சரி.

"நேரா போவேன் சார்."

"நேராவா? அவ்வளவு பெரிய கப்பல் வருகிறதே?"

"அப்ப... நான் ஒதுங்கிக்கிறேன் சார்."

"எந்தப் பக்கம்?"

"லெப்ட் சார்."

தேர்வாளர் அவன் கப்பலை எடுத்து அடுத்த கப்பலின் வயிற்றில் குத்தி வைத்துவிட்டு, "போய் வா" என்றார். இரண்டாவது தடவை வேறு தேர்வாளர், வேறு மரக் கப்பல், அதே வயிறு.

இடப்பக்கம் ஏன் திரும்பினான் என்று அவன் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். காலையில் தெரு நடுவில் நீளவாக்கில் பாவு, அதாவது தறிக்குப் போகிற பட்டு நூலை, இழுத்துக் கட்டி இழை சரிபார்க்கும் தெரு அது. பாவு நிற்கிறபோது எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் வண்டியை விட்டு இறங்கி, இடது சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஹார்ன் அடித்தால் அடி விழும். நடக்கக் கற்ற நாளிலிருந்து அவன் கால் அப்படிப் பழகிவிட்டது. எதிரே ஏதாவது வந்தால் முதலில் கால் லெப்டில் போகும், மூளை பின்னால் போகும்.

மூன்றாவது ஓரல்ஸுக்குத் தேதி வந்தபோது, கம்பெனியிலிருந்து ஒரு மெயிலும் வந்தது. மாதக் கடைசிக்குள் சர்டிபிகேட் வந்தால் சிங்கப்பூரில் கப்பல் ஏறலாம். இல்லையென்றால் அந்த இடம் வேறொருத்தருக்கு. மாமா தன் ரைஸ் மில்லில் சூப்பர்வைசர் நாற்காலி ஒன்றைத் துடைத்து வைத்திருந்தார். கமலக்கண்ணன் அந்த நாற்காலியைப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டும் வந்தான். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவன் சட்டைக் காலரில் இருந்த தவிட்டைத் தங்கச்சி ரேணுகாதேவி பார்த்துவிட்டாள்.

ரேணுவுக்குப் பதினேழு வயசு. பிளஸ் டூவில் கணக்கைக் கோட்டை விட்டுவிட்டு, மறுபடி எழுதுவதற்காக வீட்டில் இருந்தாள். அதாவது, வீட்டில் இருக்கிறவர்களுக்கு நிம்மதி இல்லை. அன்றைக்கு மத்தியானமே அப்பாவின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கவிழ்த்த பக்கெட் மேல் ஏறி உட்கார்ந்தாள். எதிரே ஸ்டூலில் இரண்டு பழைய நாடா. தறியில் இழைக்கு நடுவே ஓடுமே, அந்த நாடா. இரண்டு முனையும் கூராக அச்சு அசலாகப் படகு மாதிரி இருக்கும்.

"வாங்க மிஸ்டர் கமலக்கண்ணன். இது நீ. அது நானு. எடப்பக்கத்துல வரேன். இன்னா பண்ணுவ?"

"நேரா போவேன்."

"நேராவா?" கண்ணாடிக்கு மேலாக முறைத்தாள்.

கமலக்கண்ணனின் கை, அவனைக் கேட்காமலே, நாடாவை லெப்டில் நகர்த்தியது.

"த்தூ" என்றாள் ரேணு. "எனக்கே பயப்படறியே, உன்னை நம்பி எவன் அரிசி மூட்டைய ஏத்துவான்?"

மறுநாள் காலையில் தெருவே கூடி நின்றது. எதிர்வீட்டு வேணுகோபால் பாவு கட்டியிருந்த கம்பத்தின் உச்சியில், மேலிருந்து கீழாக ஒரு கறுப்புப் பந்து, ஒரு கறுப்பு டைமண்ட், மறுபடி ஒரு கறுப்புப் பந்து தொங்கியது. பிளாஸ்டிக் பந்துக்குப் பெயின்ட், டைமண்ட் அட்டையில்.

"எவ வேல இது?" வேணுகோபால் கத்தினார். "ஏன்டி ரேணு, பட்டுப் பாவு மேல இன்னாடி கன்றாவி?"

"பெரியப்பா, கப்பல்ல இதான் ரூலு. 'வேலையா இருக்கேன், என்னால திரும்ப முடியாது, நீங்க ஒதுங்கிப் போங்க'ன்னு அர்த்தம். உங்க பாவு திரும்புமா?"

"திரும்பாது."

"அப்பறம் இன்னா? எங்கண்ணன் டெய்லி பாத்துப் பாத்து மனப்பாடம் பண்ணட்டும்."

"டைமண்டை எடுத்துட்டா?" என்று கேட்டது, கூட்டத்தில் நின்ற ராஜம்மாள்.

"வெறும் ரெண்டு பந்துன்னா, 'கப்பல் என் கையில இல்ல, கட்டுப்பாடு போச்சு'ன்னு அர்த்தம் அத்தை" என்று சொன்னது கமலக்கண்ணன். கேட்டால் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது.

வேணுகோபால் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "திருஷ்டிக்கும் ஆவும் போலகீதே" என்றார். அன்றைக்குப் பாவில் ஒரு இழைகூட அறவில்லை. விஷயம் அவ்வளவுதான். அந்த வாரக் கடைசிக்குள் ரேணு நான்கு வீட்டுக்குப் பந்து-டைமண்ட்-பந்து கட்டிக் கொடுத்துவிட்டாள். அம்மா கற்பகமே, "நம்ம வாசலுக்கும் ஒண்ணு கட்டுடி, அண்ணனுக்கு ஊர்க் கண்ணு நெறைய" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நிஜமான குறும்பு ஆரம்பித்தது. பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ரேணு வந்து சொன்னாள்: "தெரு மொத்தத்துக்கும் சொல்லிட்டேன்."

"இன்னா சொன்ன?"

"நாளைலருந்து உனக்கு எடப்பக்கத்துல யாரு வந்தாலும் அவங்கதான் ஒதுங்கணும், நீ அதே வேகத்துல நேரா போய்கினே இருப்பன்னு. எல்லாரும் சரின்னுட்டாங்க."

"வேணுகோபால் பெரியப்பாவுமா?"

"அவருதான் மொதல்ல சரின்னாரு."

இவ்வளவு பேர் ஒத்துக்கொண்ட பிறகு நாம் செய்யாமல் இருந்தால் மரியாதை இல்லையே என்று கமலக்கண்ணன் நினைத்தான். அவன் அப்படித்தான் நினைப்பான் என்பது ரேணுவுக்குத் தெரியும்.

முதல் நாள் டீக்கடைக்கு நடந்தான். இடதுபக்கச் சந்திலிருந்து ராஜம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். கமலக்கண்ணனின் கால் லெப்டில் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போனான். ராஜம்மாள் நின்றாள். அவன் கடந்து போகிறவரைக்கும் நின்றாள். தாண்டியதும், "ரொம்ப தேங்க்ஸ் அத்தை" என்றான். அவள் வாயைத் திறந்தபடியே நின்றாள்.

மூன்றாம் நாள் ஒரு ஸ்கூல் வேன் நின்றது. ஐந்தாம் நாள், மைக் கட்டிய கட்சி ஆட்டோ ஒன்று, "அன்பார்ந்த வாக்காளப் பெரு—" என்பதோடு நின்றது. ஏழாம் நாள் கறிக்கடையில் ஒருத்தர் முன்னால் நுழையப் பார்க்க, கமலக்கண்ணன் நகரவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவன் முறையில் அவனுக்குக் கறி கிடைத்தது. அம்மா பையைத் திறந்து பார்த்து, "நெஞ்செலும்பா? உனக்கா குடுத்தான்?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

பதினோராம் நாள் சிவப்பிரகாசம் வந்தார். கேன் தண்ணி போடுகிறவர். டிவிஎஸ் வண்டியில் முன்னால் இரண்டு கேன், பின்னால் நான்கு கேன், பிரேக் இருப்பதாக ஒரு வதந்தி. இடதுபக்கச் சந்திலிருந்து வந்தார். கமலக்கண்ணன் நேராகப் போனான். சிவப்பிரகாசமும் நேராக வந்தார். யாரோ பின்னாலிருந்து "டேய்!" என்றார்கள்.

"பாம் பாம் பாம் பாம் பாம்!" ஐந்து தடவை வாயாலேயே ஹார்ன் அடித்துவிட்டு கமலக்கண்ணன் பாய்ந்தான். வலப்பக்கம்.

வலப்பக்கத்தில் வேணுகோபால் பாவுக்குத் தெளிக்கக் கஞ்சித்தண்ணி வைத்திருந்தார், பெரிய அண்டா நிறைய. அதற்குள் முட்டிவரைக்கும் இறங்கி நின்றான் கமலக்கண்ணன்.

"கஞ்சியக் கெடுத்தியேடா பாவி!"

"ரைட்ல வந்தேன் பெரியப்பா!" என்றான். முகமெல்லாம் பல். "பாத்தீங்களா? ரைட்ல!"

வாசலில் நின்ற ரேணு விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜல்தியாக உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சென்னை. முதல் தடவை பார்த்த அதே தேர்வாளர். அதே மரக் கப்பல். பேச்சு இங்கிலீஷில், தமிழில் சொன்னால் இப்படி:

"இடப்பக்கத்திலிருந்து வருகிறது. என்ன செய்வாய்?"

"நேராகப் போவேன் சார். அதே வேகம்."

"நேராகவா?" கண்ணாடிக்கு மேலாக அதே பார்வை.

கால் மேஜைக்கு அடியில் லெப்டில் இழுத்தது. கமலக்கண்ணன் அதை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டான். "நேராகத்தான் சார்."

"அவன் திரும்பவே இல்லை. இன்னும் கிட்டே வந்துவிட்டான்."

"ஐந்து தடவை ஹார்ன் சார். அப்படியும் வந்தால் வலப்பக்கம் திருப்புவேன்."

"இடப்பக்கம் நிறைய இடம் இருக்கிறதே? நான் சொல்கிறேன், திருப்பு."

"மாட்டேன் சார்."

"வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியுமா உனக்கு?"

"கஞ்சியாகவே இருந்தாலும் சரி சார்."

தேர்வாளருக்கு அது விளங்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனார். அதற்கடுத்ததுக்கும் போனார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தாளில் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

கமலக்கண்ணன் வீட்டுக்கு ஃபோன் பண்ணினான். அம்மா அழுததில் ஒன்றும் கேட்கவில்லை. ஆரணி பஸ்ஸில் ஏறினான். ஜன்னலோர சீட். செய்யாற்றுக்கு முன்னாலேயே அதைக் கைக்குழந்தைக்காரி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டான். அது வேறு விஷயம். அது கடல் இல்லை.

தெருவுக்குள் நுழைந்ததும் ஸ்வீட் டப்பாவை நேராக வேணுகோபாலிடம் நீட்டினான். "ரொம்ப தேங்க்ஸ் பெரியப்பா. நீங்க எல்லாரும் சொன்னபடி ஒதுங்கலன்னா நான் பாஸாயிருக்கவே மாட்டேன்."

"யாருப்பா சொன்னது? இன்னா ஒதுங்கறது?"

"ரேணு வந்து சொல்லல? எடப்பக்கம் வந்தா வழிவிடணும்னு?"

வேணுகோபால் ராஜம்மாளைப் பார்த்தார். ராஜம்மாள் தரையைப் பார்த்தாள்.

"அவ ஒண்ணும் சொல்லலியேப்பா" என்றாள் ராஜம்மாள். "நீ பாட்டுக்கு வெறச்சிகினு நேரா வந்துகினே இருந்த. தேங்க்ஸ் வேற சொன்ன. படிச்சிப் படிச்சிப் புள்ளைக்கு எங்கியோ கழண்டுகிச்சி, நாமதான் ஒதுங்கிப் போவணும்னு நாங்களா முடிவு பண்ணிகினோம்."

கட்சி ஆட்டோ, ஸ்கூல் வேன், கறிக்கடை எல்லாம் கமலக்கண்ணன் கண் முன்னால் வரிசையாக வந்து போயின. ஒருத்தரிடமும் சொல்லவில்லை, படுபாவி. அவளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று வேகமாக வீட்டுப் பக்கம் திரும்பினான்.

வாசலுக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்தான். நிலைப்படிக்கு மேலே கறுப்புப் பந்து தொங்கியது. அதற்குக் கீழே இன்னொரு கறுப்புப் பந்து. நடுவில் டைமண்ட் இல்லை.

ரேணு உள்ளே பக்கெட் மேல் உட்கார்ந்து, அக்கறையாகக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அட்டை டைமண்ட், முனையெல்லாம் நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பஞ்சு பஞ்சாக.

"டைமண்ட் எங்க?" என்றான்.

"காத்துல விழுந்துடுச்சி."

"எப்ப?"

"காலைல. நீ பஸ் ஏறினப்ப."

அன்றைக்கு ஆரணியில் ஒரு இலைகூட அசையவில்லை. அதைச் சொல்லலாமா என்று பார்த்தான். சொல்லாமல், ஸ்டூல் மேல் இருந்த இரண்டு நாடாவில் ஒன்றை எடுத்து, அவளுக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி வைத்தான்.

ரேணு புத்தகத்தை விட்டுத் தலையை நிமிர்த்தாமலே, தன் நாடாவை ஒரு விரலால் தள்ளி ஒதுக்கினாள்.

"போ" என்றாள். "ரொம்பத்தான் பெரிய கப்பலு."