நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

போன வாரம் என்னை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். தாம்பரத்தில் காது கேட்கும் கருவி பொருத்துகிற ஒரு கிளினிக். கையில் ஒரு பொத்தான். காதில் 'பீப்' என்று கேட்கும்போதெல்லாம் அதை அழுத்த வேண்டும். கேட்டது, அழுத்தினேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுத்த வேண்டிய ஏதோ ஒன்று என்னைத் தாண்டிப் போகிறது என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். சும்மா இருந்த நேரத்தில், கூண்டின் உட்சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு நுரைப்பஞ்சின் வாசனை மூக்கில் ஏறியது. எனக்குப் பழக்கமான வாசனை. அது என்னை நேராக ஒரகடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அங்கே கார் கதவுகளுக்குத் தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்றில் ஏழெட்டு வருஷம் சேஃப்டி ஆபீசராக இருந்தேன். ஐம்பதைத் தாண்டிய வயது, முழுக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி. என்னைப் பார்த்தவர்கள் மார்கழியில் சபா சபாவாக அலைகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் மறுத்ததில்லை. எனக்குப் பிடித்ததோ ஹெவி மெட்டல், கிட்டாரும் டிரம்மும் இடியாக இடிக்கும் மேல்நாட்டு இசை. கல்லூரி விடுதியில் பக்கத்து அறைக்காரனிடம் இரவல் வாங்கிய ஒரு கேசட்டில் ஒட்டிக்கொண்ட வியாதி அது. மனைவி அதை 'அந்த இரைச்சல்' என்பாள். அதனால் படப்பை வழியாக வேலைக்குப் போகும் முக்கால் மணி நேரம், காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கேட்பேன். கம்பெனி கேட் தெரிந்ததும் ஒலியைக் குறைத்து, முகத்தையும் ஆபீசருக்குரியதாக மாற்றிக்கொள்வேன்.

ஒருநாள் காலை நல்ல மழை. மணிமங்கலம் நிறுத்தத்தில் எங்கள் சீருடையில் ஒருவன் நனைந்துகொண்டு நின்றான். கம்பெனி பஸ்ஸை விட்டிருக்கிறான். ஏற்றிக்கொண்டேன். பாட்டை நிறுத்த மறந்துவிட்டேன். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே, "சார், இது அவிய ரெண்டாவது ஆல்பம்தான?" என்றான். திருடும்போது கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மாதிரி எனக்கு இருந்தது.

அவன் பெயர் செல்வின். சாத்தான்குளம் பக்கம். தகடு அழுத்தும் இயந்திரங்கள் நிற்கும் பிரஸ் லைனில் ஆபரேட்டர், ஒப்பந்தத் தொழிலாளி, அப்போது இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். ஊரில் சர்ச்சில் கிட்டார் வாசித்தவன். பாதிரியார் "கொஞ்சம் மெதுவா வாசிப்பா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அவனைப் பாடகர் குழுவுக்கு மாற்றினாராம். அன்றிலிருந்து வாரத்தில் நாலு நாளாவது அவன் பஸ்ஸை விட்டான். வேண்டுமென்றேதான்.

காரில் நாங்கள் பேசியதெல்லாம் ஆல்பங்கள். எனக்கு மெதுவானவை பிடிக்கும். கறுப்பு உறை போட்ட ஒன்று, மொத்தமே ஆறு பாட்டு, ஒவ்வொன்றும் பாறையைக் கயிறு கட்டி இழுப்பதுபோல நகரும். அவனுக்கு வேகம் வேண்டும். இரண்டு காலாலும் டிரம் மிதிக்கும் ஆட்கள் வேண்டும். ஆனால் அவன் காது போன இடம் வேறு. "எல்லாவனும் கிட்டாரக் கேப்பான் சார். நீங்க டிரம்மு பக்கத்துல தொங்குற அந்த வெண்கலத் தட்ட, சிம்பலக் கேளுங்க. ஒவ்வொரு அடிக்கும் பொறவு மழத்தூத்தல் கணக்கா ஒண்ணு வரும் பாருங்க" என்பான். முப்பது வருஷம் கேட்ட ஆல்பத்தில் அந்தத் தூறலை அவன் சொல்லித்தான் கேட்டேன்.

அந்தக் காதை அவன் வேலைக்கும் கொண்டுவந்தான். வரிசையாக நாலு பிரஸ். மூன்றாவதன் அடி மட்டும் கொஞ்சம் பிந்தி விழுகிறது என்று ஒருநாள் சூபர்வைசரிடம் சொல்லியிருக்கிறான். சிரித்தார்களாம். மறுநாள் பிரித்துப் பார்த்தால் கிளட்ச் தேய்ந்திருந்தது. அதற்கப்புறம் லைனில் அவனுக்கு 'டாக்டர்' என்று பெயர்.

மணிமங்கலத்தில் அவன் குடியிருந்த அறைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். கீழே வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், பெரியவரு நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பகல் பூரா இரும்பு அடிச்சிகினு வர்றான், வூட்டுக்கு வந்தும் இரும்பு அடிக்கிற பாட்டுதான் கேக்கறான்." சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, மேலே போய் அவனோடு உட்கார்ந்து அதையே கேட்டேன். பாவம், அவன் வைத்திருந்த ஒலியில் மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாக இருந்தது. அந்தம்மாவுக்குப் பயந்து அவன் எப்போதுமே அப்படித்தான் வைப்பானாம்.

பெங்களூரில் இரண்டு நாள் மெட்டல் திருவிழா என்று அவன்தான் செய்தி கொண்டுவந்தான். வீட்டில் பாதுகாப்புக் கருத்தரங்கு என்று சொன்னேன். மனைவி இட்லி கட்டிக் கொடுத்தாள். சனிக்கிழமை விடியற்காலை சுங்குவார்சத்திரத்தில் நின்று பெங்களூர் பஸ்ஸைப் பிடித்தோம். மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டை. நடுவில் நான் மட்டும் வெள்ளை முழுக்கை, சட்டைப்பையில் பேனா. ஒரு கல்லூரிப் பையன் என்னிடம் வந்து, "அங்கிள், யாரையாவது தேடறீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டான்.

முதல் குழு மேடையேறியதும் அடிவயிறு அதிர்ந்தது. ஆனந்தமாக இருந்தது. ஆனாலும் தொழில் புத்தி போகுமா? கம்பெனியில் தரும் ஆரஞ்சு நிறக் காது அடைப்பான்கள் இரண்டு ஜோடி கொண்டுபோயிருந்தேன். செல்வின் முகத்தைச் சுளித்தான். "கல்யாண வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கச் சொல்லுதீய." சொல்லிவிட்டு, எனக்காக வாங்கிச் செருகிக்கொண்டான். இரண்டு நாளும் எடுக்கவில்லை. சாயங்கால வெயிலில், நான் கல்லூரி நாளிலிருந்து கேட்ட பாட்டு ஒன்றை அவர்கள் வாசித்தபோது, இரண்டு காதிலிருந்தும் ஆரஞ்சு கயிறு தொங்க அவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு.

அடுத்த வருஷம் வழக்கமான காது சோதனை வண்டி வந்தது. கேன்டீன் பக்கத்தில் நிறுத்துவார்கள். உள்ளே கறுப்பு நுரைப்பஞ்சு ஒட்டிய கூண்டு, கையில் பொத்தான். செல்வினின் தாளில் கோடு நேராகப் போய், நொடிக்கு நாலாயிரம் அதிர்வு என்ற இடத்தில் சட்டென்று கீழே விழுந்திருந்தது. பெரும் சத்தம் தின்ற காதுகளில் பள்ளம் முதலில் அங்கேதான் விழும். அது நான் பாடமாகப் படித்த விஷயம்; சிம்பலின் தூறல் போன்ற மெல்லிய ஒலிகள் இருப்பதும் அந்த இடத்தில்தான். பிரஸ்களைச் சுற்றி ஒலித்தடுப்பு கட்ட வேண்டும் என்று முந்தின வருஷம் எழுதியிருந்தேன். அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். தினம் புதிதாகத் தர வேண்டிய அடைப்பான் வாரத்துக்கு ஒன்று என்று ஆகியிருந்தது. இரண்டும் தெரிந்தும், எல்லாம் முறைப்படி இருக்கிறது என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் நான்.

அந்த மாதம் வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கை வரவிருந்தது. மேலாளர் கூப்பிட்டு, "காது கேஸ் ஒண்ணு வேலையால வந்ததுன்னு போனா, உங்க கையெழுத்தத்தான் முதல்ல கேப்பாங்க" என்றார். மிரட்டவில்லை. காபி கூடக் கொடுத்தார். படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: வேலைக்கு வெளியே சத்தப் பழக்கம். என் மேசைக்கு வந்து, என் கையால் எழுதினேன்: 'அதிக ஒலியில் இசை கேட்கும் நீண்ட காலப் பழக்கம். இசைத் திருவிழாக்களுக்குச் செல்பவர்.' அது எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

நிரந்தரமாக்கும் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. காது தகுதியில்லை, அதற்கு வேலை காரணமும் இல்லை என்று அடித்துவிட்டார்கள். அந்த மாதத்தோடு ஒப்பந்தமும் முடிந்தது.

உணவு இடைவேளையில் என் அறைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க எழுதுனதா சார்?"

நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பெங்களூர்ல வச்சு எனக்கு காதுக்கு பிளக்கு குடுத்தது நீங்கதான சார்?"

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். அவன் கதவுப் பக்கம் திரும்பினான். பிறகு, "சரி சார், வாரேன்" என்று போய்விட்டான். இரண்டு நாள் கழித்து கேட்டில் செக்யூரிட்டி ஒரு பொட்டலம் தந்தார். நான் இரவல் கொடுத்திருந்த கறுப்பு உறை ஆல்பம். துண்டுச் சீட்டு எதுவும் இல்லை. உறையில் கீறல்கூட இல்லை.

தேடினேனா என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை மணிமங்கலம் போனேன். அந்த வீட்டை இடித்து லாட்ஜ் கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. சாத்தான்குளம் போயிருக்கலாம். போகவில்லை. போனால் சொல்ல வேண்டியிருக்கும்.

கிளினிக் பெண் கூண்டைத் திறந்து, தாளை என் முன் வைத்தாள். எனக்கும் அதே இடத்தில் பள்ளம், இன்னும் ஆழமாக. படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்.

"சத்தமா பாட்டு கேக்குற பழக்கம் உண்டா தாத்தா?"

"உண்டும்மா. ஆனா அதனால இல்ல. பிரஸ் ஷாப்புல இருந்தேன். அப்படியே எழுதிக்கம்மா."

அவள் எழுதிக்கொண்டாள். எழுதுவதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் புதுக்கருவியை மாட்டிக்கொண்டு கறுப்பு உறை ஆல்பத்தைப் போட்டேன். இப்போது வீட்டில் இரைச்சல் என்று சொல்ல ஆளில்லை. கிட்டார் வந்தது, குரல் வந்தது, டிரம் வந்தது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் காத்திருந்தேன். அந்தத் தூறல் மட்டும் வரவில்லை. எழுபது வயதில் எனக்குப் போயிருக்கிறது. அதைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவனுக்கு முப்பது ஆவதற்குள் போய்விட்டது.