பதினொரு வருட வீரன்

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவருக்கு மில்லி என்று பெயர் வைத்தவள் நான்தான். ஃப்ரேமுக்குள் லென்ஸ் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் கழற்றி மறுபடி உட்கார வைப்பார். வயது நாற்பத்தைந்து. கல்யாணப் பேச்சை எடுத்தால் மெஷினைப் போட்டுவிடுவார். அந்த இரைச்சலில் யார் என்ன கேட்பது?

வீட்டில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். அதில் பதினொரு வருடமாக ஒரே ஆன்லைன் கேம். வாளும் குதிரையுமாகக் காடு மலை சுற்றி அரக்கர்களை வெட்டும் விளையாட்டு. ஆரம்பத்தில் முப்பது பேர் கூட்டமாம். ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, நாலு வருடமாக இவர் மட்டும். அவருடைய வீரனுக்கு ஏறவேண்டிய லெவல் எதுவும் பாக்கி இல்லை. பேசத்தான் ஆள் இல்லை.

அப்போதுதான் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த லாரி டிரைவர் காலை உடைத்துக்கொண்டு படுத்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு. பொழுது போகவில்லை என்று அவர் புலம்ப, மில்லி அவரையும் கேமுக்குள் இழுத்துவிட்டார். மறுநாள் மனுஷன் விசிலடித்துக்கொண்டே லென்ஸ் தேய்த்தார்.

நண்பருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று நல்ல கவசமாகப் பார்த்து வாரிக் கொடுத்தார். வழியில் எது வந்தாலும் இவரே முன்னால் ஓடி ஒரே வெட்டு. பத்து நாள் பொறுத்த டிரைவர் ஒருநாள் சொல்லிவிட்டார்.

"நீ விளையாடற, நான் உன் பின்னாடி நடக்கறேன். இதுக்கு நான் எதுக்குடா?"

மில்லிக்கு அன்று சோறு இறங்கவில்லை. டிரைவரும் போய்விட்டால் மறுபடி அந்தத் தனிமைதான். அந்த கேமில் ஒரு போன் நம்பருக்கு ஒரே வீரன். இவரிடம் இருப்பதோ ஒரே நம்பர். பதினொரு வருட வீரனை அழித்துவிட்டு, மரக்கத்தியோடு முதல் லெவலில் போய் நின்றார். பழையவன் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று மட்டும் நண்பரிடம் சொன்னாராம். பிற்பாடு இதைக் கேட்டபோது, உங்களுக்கு அறிவிருக்கிறதா என்றேன். மெஷினைப் போட்டுவிட்டார்.

அதன் பிறகு மூன்று வாரம். டிரைவரும் இரவல் கவசத்தைக் கழற்றிவிட, ஓர் ஓநாயிடம் இரண்டு பேரும் ஒன்பது தடவை செத்தார்கள். பத்தாவது தடவை அது விழுந்தபோது டிரைவர் போட்ட கூச்சலில் அவர் மனைவி ஓடிவந்து திட்டினாராம். இதைச் சொல்லிச் சொல்லி மில்லி சிரித்தார். அவருக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். லாரி கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், இனி நேரம் கிடைப்பது கஷ்டம் என்று சொல்லிக்கொண்டே டிரைவர் கேமுக்குள் வந்தார்.

"போறதுக்கு முன்னாடி உன் பழைய ஆளைக் கூட்டிட்டு வாடா. அவன் குதிரையில ஒரு ரவுண்டு போலாம். சும்மா சொல்லக் கூடாது, ராஜா மாதிரி இருப்பான்."

மில்லி தன் புது ஆளைக் காட்டுப் பக்கம் திருப்பினார்.

"அவன் வெளியூர் போயிருக்கான்டா. நடந்தே போலாம், வா."

ஓநாய்க் காட்டைத் தாண்டி ஆற்றங்கரை வரை நடந்தார்கள். அங்கே டிரைவரை மனைவி சாப்பிடக் கூப்பிட, அவருடைய ஆள் மறைந்துவிட்டான்.

அடுத்த தடவை உள்ளே வந்தால் டிரைவர் அதே ஆற்றங்கரையில்தான் வந்து நிற்பாராம். அந்தக் காட்டைத் தனியாகத் தாண்டித் திரும்ப அவரால் ஆகாது, துணைக்கு ஆள் வேண்டும் என்கிறார் மில்லி. அதனால் தினமும் வேலை முடிந்ததும் போய் அங்கேயே நிற்கிறார். ஒரு மாதம் ஆகிவிட்டது.