ஜெராக்ஸ் அக்காவின் மூன்று நிமிடம் இருபது வினாடி

மேலாண்மைக் கல்லூரியின் மாடிப்படிக்கு அடியில், கொஞ்சம் நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் அறையில், இரண்டு நகல் இயந்திரங்களோடு பத்தொன்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவள் ஜெராக்ஸ் அக்கா. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் அந்தக் கல்லூரியில் அச்சான அறிக்கைகளை ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஜீவன் அவள்தான். எழுதிய மாணவர்கள் படித்ததில்லை; நாலு இடத்தில் வெட்டி ஒட்டியவர்களுக்குப் படிக்க ஏது நேரம்? பேராசிரியர்களோ, அறிக்கையைக் கையில் தூக்கி எடை பார்த்தே மதிப்பெண் போடும் வித்தையில் கரை கண்டவர்கள்.

படித்ததை அவள் வீட்டில் பயன்படுத்திப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சமையலறை முழுக்க மாமியாரின் ஏகபோகம். மருமகள் கரண்டியைத் தொட்டாலே மாமியாருக்கு ரத்த அழுத்தம் ஏறும். பெரிய கம்பெனியோடு நேருக்கு நேர் மோதாதே, அது கண்டுகொள்ளாத மூலையில் கடையைப் போடு என்று ஓர் அறிக்கையில் படித்தாள். மாமியார் குட்டித் தூக்கம் போடும் மாலை நேரத்தில் டீ போடுவதை மட்டும் கையில் எடுத்தாள். ஆறே மாதத்தில் அடுப்பு அவள் பக்கம் வந்துவிட்டது.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொன்னவன் உன்னப் பாத்ததில்ல போல" என்றார் கணவர். அவர் வாடகை வேன் ஓட்டுகிறவர். மனைவியின் கல்வியறிவைக் கண்டு உள்ளூரக் கொஞ்சம் பயம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் கோட்டு வந்தான். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத இறுதியாண்டு மாணவன். கூட மூன்று பேர். கல்லூரி வளாகத்தில் எங்கே வீண் செலவு நடக்கிறது என்று கண்டுபிடித்து அறிக்கை எழுத வேண்டுமாம். அக்காவின் அறையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஸ்டூலும் ஸ்டாப் வாட்ச்சுமாக மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நம்மைப் பற்றியும் எழுத நாலு பிள்ளைகள் வந்ததே என்று பூரித்துப்போய், தினம் இரண்டு வேளை அவர்களுக்குத் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான் என்று அப்போது தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அறிக்கை அச்சுக்கு வந்தது. எங்கே வரும்? அவளிடம்தான். எண்பத்து நாலு பக்கம், ஆறு பிரதி, சுருள் கம்பி பைண்டிங். கோட்டு வாசலில் சாய்ந்து நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் வழக்கம்போலப் பக்கங்களை அடுக்கியபடியே படித்தாள்.

முப்பத்தோராம் பக்கத்தில் கை நின்றது. ஒரு வாடிக்கையாளருக்கு ஆகும் நேரம் நான்கு நிமிடம். அதில் இயந்திரம் வேலை செய்வது நாற்பது வினாடி. மீதி மூன்று நிமிடம் இருபது வினாடி, 'பணியாளரின் தேவையற்ற குறுக்கீட்டால்' வீண். அறுபதாம் பக்கத்தில், பணியாளர் இல்லாமல் தானே ஓடும் இயந்திரம் ஒன்றின் படம். 'பணியாளர்: ஒருவர். இனித் தேவையில்லை.'

 அந்த மூன்று நிமிடம் இருபது வினாடியில் அவள் செய்த குறுக்கீடு என்ன? ஒரு பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரைக்கு நடுவே புகுந்துவிட்ட மளிகைப் பட்டியலை உருவி எடுத்தாள். தலைகீழாக நின்று லாபம் காட்டிய நஷ்ட வரைபடத்தை நிமிர்த்தினாள். பன்னிரண்டாம் பக்கம் இல்லாமல் ஓடிய பெண்ணைப் படியேறிப் போய்ப் பிடித்துவந்தாள். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. வேனுக்கு இன்னும் தவணை பாக்கி. கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அழுதால் தாள் நனையும் என்பதால் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடுக்கினாள்.

கடைசிப் பக்கம் வந்தது. தலைப்பு 'முடிவுரை'.

'எனவே இப்பிரிவைத் தொடர்ந்து நடத்துவது மிக அவசியம். தற்போதைய பொறுப்பாளரையே வைத்துக்கொண்டு, அறையைப் பெரிதாக்கி, உதவிக்கு ஒருவரை நியமிக்கப் பரிந்துரைக்கிறோம்.'

இது போன வருடம் வேறொரு குழு கல்லூரியின் முதலுதவி அறையைப் பற்றி எழுதியது. இதே மேசையில் அவள்தான் பைண்டு போட்டாள். பையன்கள் மாதிரிக்கு அதை எடுத்து ஒட்டி வைத்திருக்கிறார்கள். அப்புறம் மாற்ற மறந்துவிட்டார்கள்.

பழக்க தோஷம், "தம்பி" என்று வாய் தானாகத் திறந்துவிட்டது.

"சீக்கிரம் போடுங்கக்கா. நேரம் வீணாகுது" என்றான் அவன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

வாயை மூடிக்கொண்டாள். ஆறு பிரதிகளுக்கும் கம்பி கோத்துக் கையில் கொடுத்தாள். பையன்கள் மானம் கெடுவார்கள், அறிக்கை திருத்தத்துக்குத் திரும்பும், நமக்கு ஒரு வாரம் கூடக் கிடைக்கும் என்பதுதான் அவள் கணக்கு. ஆனாலும் மனசு உறுத்தியது. கணவரிடம் சொன்னாள்.

"சொல்லாம விட்டது தப்புதான்" என்றார் அவர், நன்றாக யோசித்துவிட்டு. "ஆனா நல்ல தப்பு."

பத்தொன்பது வருட அனுபவம் இருந்தும் கல்லூரி இயக்குநரை அவள் குறைத்து எடை போட்டுவிட்டாள். இயக்குநர் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டுமே படிப்பவர். நடுவில் இருப்பதெல்லாம் கனத்துக்கு என்பது அவர் சித்தாந்தம். அறிக்கைகளைச் சமர்ப்பித்த நாளில் எல்லார் முன்னாலும் முடிவுரையை வாய்விட்டுப் படித்தார். எல்லாரும் ஆளைக் குறைக்கச் சொல்லும் காலத்தில் இந்த இளைஞர்கள் மனிதரின் மதிப்பை உணர்ந்திருக்கிறார்கள் என்று தழுதழுத்தார். குழுவுக்கு முதல் இடம். அடுத்த வாரமே அக்காவுக்கு அலுவலக உத்தரவு வந்தது: பக்கத்துச் சாமான் அறையின் சுவரை இடித்துச் சேர்த்துக்கொள்ளலாம், உதவிக்கு ஓர் ஆள்.

கொத்தனார் சுவரை இடித்துக்கொண்டிருந்த மதியம் கோட்டு வந்தான். திருடனுக்குத் தேள் கொட்டிய முகம். அது தவறான பக்கம் என்று வெளியே சொன்னால் திருடி ஒட்டியது தெரிந்துவிடும்; பட்டம் போய்விடும்.

"கடைசிப் பக்கத்தப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நாப்பது செகண்டுல எப்படிப்பா சொல்றது?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, வேலைக்கு விண்ணப்பிக்கிறேன் என்று தன் சுயவிவரத் தாளை நீட்டினான். பத்து பிரதி. "இத மட்டும் முழுசாப் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க, ப்ளீஸ். எவ்வளவு நேரமானாலும் பரவால்ல."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். சாதனைகள் என்ற தலைப்பில் முதல் வரி: 'நலிந்து கிடந்த நகல் பிரிவைக் காப்பாற்றி விரிவாக்கியது.'

அதை இரண்டு முறை படித்தாள். செங்கல் தூசியைத் தட்டிவிட்டுத் தாளை அவன் பக்கம் திருப்பினாள்.

"நலிஞ்சு கிடந்துச்சா? பத்தொம்பது வருஷத்துல வேலை நாள்ல ஒரு நாள்கூடப் பூட்டினதில்ல இத. அந்த வார்த்தைய எடு. மத்த பொய்யெல்லாம் இருந்துட்டுப் போகட்டும்."