மாமல்லபுரத்துக்கும் மணமைக்கும் நடுவில் ஒரு காசி

உலகெங்கும் (அதாவது பூஞ்சேரி, கல்பாக்கம், நாவலூர் ஹாஸ்டல்) சிதறிக் கிடக்கும் என் நண்பர்களுக்கு ஒரு முக்கியச் செய்தி. காசி மாநகரின் வேகத்தடைக்கு நேற்று வெள்ளைக்கோடு அடித்தார்கள். மூன்றாவது கோட்டின் பாதியில் பெயின்ட் தீர்ந்துபோனதால் விழா அத்துடன் இனிதே முடிந்தது.

கங்கைக்கரைக் காசி இல்லை. மாமல்லபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினால் மணமைக்கு முன்னால் வருமே, எங்கள் காசி. அப்படி ஒரு ஊரை உண்டாக்கிய மகான்... எழுந்து நில்லுங்கள்... அடியேன்தான். அப்போது நான் அஞ்சாம் கிளாஸ்.

அந்த ஆட்டோவின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. டீசல், வாடின மல்லி, வேர்த்த யூனிஃபார்ம், எல்லாவற்றுக்கும் மேலே அம்மாவின் அன்னக்கூடையிலிருந்து சொட்டுகிற மீன்தண்ணி. சாயங்கால வெயிலில் சவுக்குத் தோப்புகள் மெதுவாகப் பின்னால் நகரும். சிற்பப் பட்டறைகளிலிருந்து உளிச்சத்தம் கூடவே வரும். பாதித் தூக்கம், பாதி ரோடு... எது எங்கே முடிகிறது என்றே தெரியாது.

கடல் எங்கள் குப்பத்துக் கரையைத் தின்ன ஆரம்பித்த பிறகு, கொஞ்சம் குடும்பங்களுக்கு ரோட்டோரம் வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். கதவு இருந்தது. கரண்ட் இருந்தது. பேர்தான் இல்லை. "புது வூடு" என்போம், அவ்வளவுதான்.

பேர் இல்லாத இடத்தில் ஷேர் ஆட்டோ நிற்காது. நடுவழியில் ஒருத்தருக்காக நிறுத்தினால், பின்னால் வருகிற ஆட்டோ முந்திப் போய் அடுத்த ஸ்டாப்பிங்கில் காத்திருக்கிற ஆட்களை அள்ளிக்கொள்ளும். பேர் உள்ள ஸ்டாப்பிங் என்றால் எல்லா ஆட்டோவும் நிற்கும், சண்டை இல்லை. அதனால் தினமும் எங்கள் வீட்டுக்கு நாங்களே டாட்டா காட்டிவிட்டு, மணமையில் இறங்கித் திரும்பி நடப்போம்.

எனக்கு அது ஜாலி. அம்மாவுக்கு இல்லை. அந்தச் சமயத்தில்தான் அவள் பாதத்தில் கெளுத்தி மீன் முள் ஏறியிருந்தது. பூரி மாதிரி வீக்கம். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு கம்பெனிக்குப் பெருக்க வரச்சொல்லி பக்கத்து வீட்டு அத்தை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அம்மா காலைப் பார்ப்பாள், கூடையைப் பார்ப்பாள். மார்க்கெட்டில் ஊரையே சிரிக்கவைத்து மீன் விற்கிறவள், தார் ரோட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வருவாள். அதுதான் எனக்குப் பேஜார்.

ஆகவே அவசரமாக ஒரு பேர் தேவைப்பட்டது. நானும் என் தோஸ்து தினாவும் வீட்டுக்குப் பின்னால் கால்வாய் மதகில் உட்கார்ந்து மாநாடு போட்டோம். துபாய் என்றான் தினா. அவன் மாமா அங்கே இருந்தார்.

"துபாய்லாம் நேத்து மொளைச்ச ஊர்டா மச்சான். எவனும் நம்ப மாட்டான். ரொம்ப நாளா இங்கயே கீற மாரி ஒரு பேரு வோணும்."

அப்படி வந்ததுதான் காசி. தென்காசியே அங்கிருந்து வாங்கின பேர்தானே, நாமும் கேட்டால் இல்லை என்றா சொல்லப்போகிறது.

அன்று சாயங்காலம் முழுக்க கால்வாய்தான் கங்கை. வெயில் சாய்ந்து தண்ணீர் பித்தளைத் தட்டு மாதிரி கிடந்தது. கொக்குகள் சாமியார்கள் போல ஒற்றைக்காலில். தினாவின் ஆடு மதகுப் படியில் கால் நனைத்தது. செய்த பாவம் எல்லாம் போயிருக்கும். அந்தக் காசியிலும் இந்நேரம் ஒரு பையன் படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று தோன்றியது. தன் ஊர்ப் பேரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனது அவனுக்குத் தெரியாது...

மறுநாள் பிரசாரம் தொடங்கியது. வீடு நெருங்கியதும் கோரஸாக, காசியில் இறங்க வேண்டும் என்போம். டிரைவர் சபாபதி கண்ணாடியில் பார்ப்பார்.

"காசிக்குப் போற வயசாடா இது?"

ஆட்டோ மணமையில்தான் நிற்கும். ஒரே ஒரு பெரியம்மா மட்டும் காசி என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விட்டேனா? பட்டறையில் மூளி என்று தள்ளிப்போட்ட பலகைக்கல் ஒன்று கிடந்தது. அங்கே வேலை பார்த்த தினாவின் அண்ணனைக் கெஞ்சி அதில் 'காசி' என்று வெட்ட வைத்தோம். கீழே, மைல்கல் மாதிரி, பெரிதாக ஒரு சைபர். ரோட்டோரம் நட்டோம். அப்புறம் என்ன, ஆட்டோக்கள் நின்றன. அம்மா வாசலிலேயே இறங்கினாள். கால் ஆறியது. கூடை கவிழவில்லை.

இன்றைக்குக் காசி டீ ஸ்டால் இருக்கிறது, காசி மொபைல்ஸ் இருக்கிறது. பின்னால் காசி கார்டன் என்று வில்லாக்கள். அங்கே இருப்பவர்களுக்கு மீன்வாடை ஆகாதாம். மேப்பில் தேடினால் வருகிறது. ஆப்பில் புக் பண்ணினால் வண்டி வாசலுக்கே வருகிறது. டிரைவர் ஊர்ப் பேர் கேட்பதில்லை, ஓடிபிதான் கேட்கிறார். ஏசி ஓடுகிறது, யார் கூடையும் முட்டியில் இடிப்பதில்லை... ஆனால் அந்தப் பாதித் தூக்கம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

இதுவரை டைப் பண்ணியதை அம்மா பின்னால் நின்று படித்துவிட்டாள். ஆகவே, தவிர்க்க முடியாத ஒரு திருத்தம்.

கல் வருவதற்கு முன்பே ஒருநாள், ஆட்டோ எங்கள் வீட்டை நெருங்கும்போது, அம்மா வீங்கின காலைத் தூக்கி டிரைவர் சீட்டுப் பக்கத்தில் வைத்தாளாம்.

"இதப் பாரு அண்ணாத்த. இதுக்கு ஒரு பேரு வெச்சாதான் நிறுத்துவியா?"

சபாபதி பிரேக் போட்டார். மற்ற டிரைவர்களிடமும் சொல்லிவிட்டார். அடுத்த நாளிலிருந்து எல்லா ஆட்டோவும் நின்றது.

அந்த வரலாற்றுத் தருணத்தில் காசி கண்ட மகான், தினாவின் மேல் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தானாம்.

கல்லா? அது... ஆட்டோ எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் நட்டோம்.