பேசாமல் கழிந்த இரண்டு வருடம்

பத்தொன்பது வருடம் பஸ்ஸில் கத்திக் கத்தியே கண்டக்டரின் தொண்டையில் கட்டி வந்துவிட்டது. "வீட்லயாவது வாயைத் திறக்காதீங்க. இல்லன்னா குரலே போயிடும்" என்று டாக்டர் சொன்னபோது மகளுக்கு ஒரு வயது. அன்றிலிருந்து வீட்டுக்குள் கைஜாடைதான். மனைவிக்கு அது புதிதில்லை. நூல் மில்லின் இரைச்சலில் அவளும் கண்ணாலும் கையாலும் பேசிப் பழகியவள். ஷிப்ட் முடிந்து வந்ததும் சோறு போடுவாள், அடித்துப் போட்டதுபோல் தூங்குவாள். குழந்தை டிவி முன்னால் கிடக்கும்.

அதுவும் சமர்த்து. தண்ணீருக்குக் கட்டைவிரலைக் காட்டும். தூக்கச் சொல்ல இரண்டு கையையும் நீட்டும். "பொண்ணு இருக்கிற இடமே தெரியலையே" என்று மாடிவீட்டுக்காரி மெச்சியதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மூன்று வயதாகியும் வாயில் 'அப்பா' என்ற சொல்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்த டாக்டரம்மா கேட்டாள்: "அடிக்கடி சளி பிடிச்சுதா?"

"காதுல சீழ்கூட வந்துது. மருந்து ஊத்தினோம், நின்னுடுச்சு" என்றாள் மனைவி.

"நிக்கல. உள்ளே நீர் கட்டியிருக்கு. காது பாதிதான் கேட்டிருக்கும். சரி, வீட்ல இவகிட்ட யார் பேசுவீங்க?"



பஸ் ஸ்டாப்பில் மனைவி சொன்னாள்: "காதைக் கவனிக்காம விட்டது நான்தான்."

"வாயை மூடிக்கிட்டு இருந்தது நான்" என்றார் அவர்.

காதில் சின்ன ஆபரேஷன் நடந்தது. அன்றுமுதல் அவர் பேச ஆரம்பித்தார். குளிப்பாட்டும்போது சோப்பு, வாளி, முதுகு. படியிறங்கும்போது ஒவ்வொரு படியும். தொண்டை டாக்டர் கையை விரித்துவிட்டார். எட்டே மாதத்தில் குரல் போனது. பஸ்ஸிலிருந்து இறக்கி, டிப்போவில் பஸ் சாவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் போட்டார்கள்.

மகளுக்கு நாலரை வயதில் முப்பது வார்த்தை வந்திருந்தது. பள்ளியில் அவளைச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். ஒரு நாள் அவர் அழைத்துவரப் போனபோது, வாசலில் ஒரு சிறுமி அவளிடம் என்னவோ கேட்டாள். இவள் விரலை ஆட்டிப் பதில் சொன்னாள். அந்தச் சிறுமி சிரித்துவிட்டு ஓடிப்போனாள்.

அவர் குனிந்து, "அவ பேர் என்னம்மா?" என்றார். வெறும் காற்றுதான் வந்தது. மகள் காதை அவர் வாயருகே கொண்டுவந்து காத்திருந்தாள். மறுபடி கேட்டார். புரியவில்லை என்று தலையை ஆட்டினாள்.